பஸ் நிற்காத இடம்

நம் பெரியவர்கள் காலத்தில் யாத்திரைக்கு ஒரு கணக்கு இருந்தது. ராமேசுவரத்துக்குப் போனால், "இங்கேதான் சீதாதேவி மணலால் லிங்கம் பிடித்தாள்" என்று பண்டா கை காட்டுவார். நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். சேதுக்கரை, பஞ்சவடி, குருக்ஷேத்திரம் என்று இடத்துக்கு இடம் ஒரு கதை, கதைக்குக் கதை ஒரு தட்சிணை. நடந்தது வாஸ்தவமா என்று யாரும் விசாரித்ததில்லை. நடந்த இடம் இதுதான் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இப்போது கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. நடந்த இடத்தைப் பார்க்க அத்தனை கூட்டம் இல்லை. நடந்ததாக நடித்துப் படம் பிடித்தார்களே, அந்த இடத்துக்குத்தான் கூட்டம். அதற்கென்றே பஸ் விடுகிறார்கள். பஸ்ஸுக்குள் ஒலிபெருக்கியும் கையுமாக ஒரு வழிகாட்டி நிற்கிறான். இங்கிலாந்தில் யார்க்ஷையர் பக்கம் ஹோம்பர்த் என்று ஒரு சின்ன ஊர் உண்டு. மூன்று கிழவர்கள் வேலை வெட்டி இல்லாமல் மலையிலும் மேட்டிலும் சுற்றி வம்பு பேசுகிற ஒரு டெலிவிஷன் தொடரை 1973லிருந்து 2010 வரையில் அங்கே எடுத்தார்கள். கிழவர்கள் ஏறிய படிக்கட்டைப் பார்க்க இன்றைக்கும் பஸ்ஸில் போகிறார்கள். குரோவேஷியா தேசத்தின் டுப்ரோவ்னிக் நகரம் பல நூற்றாண்டுச் சரித்திரம் உள்ள கோட்டை நகரம். 1991ல் அதன் மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, பூமியில் எங்குமே இல்லாத ஒரு ராஜ்யத்தின் ராணி டெலிவிஷனில் இறங்கி நடந்த படிக்கட்டு எது என்பதைத்தான்.

இதைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. இல்லாத மனிதர்களுக்குப் பெயர் வைத்து, இல்லாத வீட்டில் குடிவைத்து, அவர்கள் அழுதால் வாசகர்களும் அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிற தொழில் என்னுடையது. பொய்யான இடத்துக்கு ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள் என்றால் கதை எழுதுகிறவன் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அந்தச் சந்தோஷத்தினூடே ஒரு சின்ன உறுத்தல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் தேசத்தில் இந்தக் காரியத்தை முறையாகச் செய்கிறவர்கள் ஹைதராபாத்துக்காரர்கள். பத்திரிகை அதிபர் ராமோஜி ராவ், விஜயவாடா போகும் சாலையில் 1996ல் ஒரு சினிமா நகரத்தையே நிர்மாணித்தார். 1,600 ஏக்கருக்கு மேல். உலகத்திலேயே மிகப் பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. சினிமாவோடு டெலிவிஷன் தொடர்களும் அங்கே ஏராளமாகத் தயாராகின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சிவப்பு பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

காட்பாடியில் ரயில் ஏறிக் குடும்பத்தோடு போனோம். என் மனைவி மத்தியானத் தொடர், ராத்திரித் தொடர் இரண்டுக்கும் ஆயுள் சந்தா கட்டியவள் மாதிரி. அவளுக்காகத்தான் பிரயாணம் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டேன். வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தெலுங்கும் ஹிந்தியும் கலந்து பொழிந்தான். எங்கள் வட ஆர்க்காட்டுக்காரனுக்குத் தெலுங்கு அந்நிய பாஷை அல்ல. பேரணாம்பட்டைத் தாண்டி மலை ஏறினால் ஆந்திராதான். ஆகையால் அவன் சொன்ன வேடிக்கை ஒன்றும் எனக்குத் தப்பவில்லை. "முன்பக்கம் பார்த்தால் விமான நிலையம். பஸ் திரும்பட்டும், அதே கட்டடம் ஆஸ்பத்திரி ஆகும் பாருங்கள்!" என்றான். பஸ் திரும்பிற்று, ஆயிற்று. ரயில் வராத ரயில் நிலையம் ஒன்று இருந்தது. லண்டன் தெரு ஒன்று இருந்தது. ஜெயில் ஒன்றும் இருந்தது. அதன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசையே நின்றது. கடைவீதிக்கும் குறைவில்லை. ஒரே ஒரு குறை, வாசனை இல்லை. ஆம்பூரில் பிறந்தவனுக்கு வாசனை இல்லாத கடைவீதியைக் கடைவீதி என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. எங்கள் ஊரில் ஒரு பக்கம் பிரியாணி மணக்கும், மறு பக்கம் சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோல் நாறும். இரண்டும் சேர்ந்ததுதான் ஊர்.

அங்கே 'பாகவதம்' என்று ஒரு செட்டில் இறக்கிவிட்டார்கள். ஓவியரும் டைரக்டருமான பாபுவும் அவருடைய ஆப்த நண்பர் முள்ளபூடி வெங்கடரமணாவும் சென்னைவாசிகளாக இருந்தவர்கள். ஈடிவிக்காக பாகவதத்தைத் தொடராக எடுத்தார்கள். அதற்குப் போட்ட அரண்மனையைப் பிரிக்காமல் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தூண்கள், சிங்கமுகங்கள், சிம்மாசனம். நான் ஒரு தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். காலி டின்னைத் தட்டியது போல் இருந்தது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பையன் சிரிக்கவில்லை. தினம் யாராவது ஒருவர் அப்படிச் செய்வார்கள் போலிருக்கிறது.

"தம்பி, இந்தத் தூணை எல்லாம் செய்தது யார்?" என்று கேட்டேன்.

"ஆர்ட் டைரக்டர் சார்."

"அவர் படம் போட்டிருப்பார். கையால் செய்தவர்கள்?"

"அது யாருக்கு சார் தெரியும்? நிறைய பேர்" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஊர் வழிகாட்டியும் அதைத்தான் சொல்லுவான். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜராஜ சோழனுக்கு அது தெரிந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. அங்கே ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும்கூட வெட்டியிருக்கிறது.

டெலிவிஷன் எங்கள் தெருவுக்கு வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15ல் ஆரம்பமாயிற்று. 1982ல் வர்ணம் வந்தது. எங்கள் பக்கத்தில் மொட்டை மாடிதோறும் மீன் முள் மாதிரி ஆன்டெனா முளைத்தது 'ராமாயணம்' ஒளிபரப்பான 1987, 88ல்தான். குஜராத் எல்லையில் உம்பர்காவ் என்கிற கடற்கரை ஊரில் எடுத்த அந்தத் தொடரை, ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல் எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்து பார்த்தது. கதை தெரியுமே, பாஷை எதற்கு?

அந்தக் காலத்தில் ஹிந்தியில் வந்த இன்னொரு தொடர் நம்முடைய ஆர். கே. நாராயண் எழுதிய 'மால்குடி' கதைகள். நாராயண் 1935ல் வெளிவந்த தம் முதல் நாவலில் மால்குடி என்று ஓர் ஊரைக் கற்பனை செய்தார். ஆயுள் முழுவதும் அது எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவர் பிடி கொடுக்கவில்லை. சங்கர் நாக் அந்தத் தொடரை மேற்கு மலைத் தொடரில் ஆகும்பே என்ற மழை ஊரில் எடுத்தார். மால்குடி ரயில் நிலையமாகக் காட்டியது சிவமொக்கா அருகே அரசாளு என்னும் குட்டி ஸ்டேஷன். 2020ல் ரயில்வேக்காரர்கள் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தைச் செப்பனிட்டு 'மால்குடி மியூசியம்' ஆக்கிவிட்டார்கள். ஒரு எழுத்தாளன் மனசுக்குள் கட்டிய ஊருக்குச் சர்க்காரே ஸ்டேஷன் கொடுத்திருக்கிறது! பொறாமை என்று சொன்னால் பொறாமைதான். ஞானபீடத்தைவிட இது பெரிய பரிசு என்பது என் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் நேர் எதிரான ஒரு சம்பவமும் உண்டு. அது எங்கள் தோல் ஊர்களுக்கு ரொம்பச் சமீபமானது.

1990ல் 'திப்பு சுல்தானின் வாள்' என்ற ஹிந்தித் தொடர் தூர்தர்ஷனில் வந்தது. எனக்குப் பத்து வயது. என் தகப்பனார் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதினார். எங்கள் வீட்டில் டெலிவிஷன் இல்லை. மூன்றாவது வீட்டில் இருந்தது. அது உருது பேசுகிற குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை நாங்களும் 'நானி' என்றுதான் கூப்பிடுவோம். ராமாயணத்துக்கு அவள் எங்களிடம் கதை கேட்டுக்கொண்டாள்; திப்புவுக்கு நாங்கள் அவளிடம் கேட்டுக்கொண்டோம். வெற்றிலை இடிக்கிற சின்ன உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப என்னா சொல்றான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். திரையில் ஒரு வாக்கியம் பேசினால் நானி மூன்று வாக்கியம் மொழிபெயர்ப்பாள். உபரி இரண்டு வாக்கியமும் அவளுடைய சொந்தச் சரக்கு என்று பிற்பாடு தெரிந்தது. "இவரு பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் நம்ம வேலூர்லதான்டா இருந்தாங்க. கோட்டைக்குள்ள" என்று ஒரு நாள் சொன்னாள். அதுவும் சொந்தச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டோம். டெலிவிஷனில் வருகிறவர்களுக்கு வேலூரில் என்ன வேலை?

அந்தத் தொடருக்கு ஒரு விசேஷம் உண்டு. பகவான் கித்வானி 1976ல் எழுதிய நாவலைத் தழுவி எடுத்தது அது. திப்புவை உத்தமனாகக் காட்டுவது சரித்திரத்துக்கு விரோதம் என்று ஆட்சேபம் கிளம்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. கடைசியில், இது கற்பனைக் கதை, திப்புவின் வாழ்க்கைக்கும் ஆட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அறிவிப்புப் போட்டுக்கொண்டு காட்ட வேண்டும் என்று ஆயிற்று. நாவலாசிரியன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கற்பனையைக் கற்பனை என்று சொல்லுவதில் என்ன தோஷம்?

ஆனால் அந்தத் தொடரில் கற்பனையில்லாத ஒரு அத்தியாயம் உண்டு, அது ஒளிபரப்பாகவில்லை.

மைசூரில் ஹுன்சூர் சாலையில் பிரிமியர் ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. 1954ல் எம். என். பசவராஜய்யா ஆரம்பித்தது. சென்னைக்கு வெளியே தெற்கத்திப் படக்காரர்கள் நாடிப்போன பெரிய ஸ்டுடியோக்களில் அது ஒன்று. அங்கேதான் அந்தத் தொடருக்கு செட் போட்டிருந்தார்கள். 1989ஆம் வருஷம் பிப்ரவரி 8ந் தேதி படப்பிடிப்பின்போது அந்த செட்டில் தீப் பிடித்தது. தீப்பிடிக்காத சாமான்களை உபயோகிக்க வேண்டிய இடத்தில் கோணிப்பைகளை ஏராளமாக உபயோகித்திருந்தார்கள். பெரிய பெரிய விளக்குகள். அவற்றின் உஷ்ணம் வெளியேற வழி இல்லை. மின்சார ஒயர்கள் சரியாக இல்லை. தீயை அணைக்கச் சாதனம் இல்லை. 62 பேர் மாண்டார்கள். தொடரை இயக்கித் திப்புவாகவும் நடித்த சஞ்சய் கான் உடம்பில் பெரும்பகுதி வெந்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆபரேஷன் மேல் ஆபரேஷனாகச் செய்துகொண்டு பிழைத்தார். பிழைத்து வந்து தொடரையும் முடித்தார். அந்த மன உறுதியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பத்திரிகைகள் பாராட்டவும் செய்தன.

அந்த 62 பேர்? விளக்குத் தூக்குகிறவர்கள், செட்டில் ஆணி அடிக்கிறவர்கள், கூட்டத்தில் கூட்டமாக நிற்க வந்தவர்கள். நானி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, குதிரைகள் ஓடுவதைப் பார்த்துக் கை தட்டினோமே, அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே இவர்கள் செத்துப் போயிருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கதைக்கும் திப்புவுக்கும் சம்பந்தமில்லை என்று திரையில் எழுதிக் காட்டச் சட்டம் இருந்தது. இந்தக் காட்சிக்கும் 62 உயிருக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதிக் காட்டச் சட்டம் இல்லை.

தோல் ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 2015 ஜனவரி 31ந் தேதி ராணிப்பேட்டையில், தோல் பதனிட்ட கழிவு நீரைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துத் தூங்கிய 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் பக்கத்துத் தோலில் தைத்த பூட்ஸ் கடல் கடந்து போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று உட்காருகிறது. விலைச் சீட்டில் தோலின் ரகம் எழுதியிருக்கும், அளவு எழுதியிருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் மைசூரில் ஊர் சுற்றிக் காட்டும் பஸ் ஒன்றில் ஏறினேன். நல்ல வழிகாட்டி, நாற்பது பேரையும் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகையைக் காட்டினார். 1799 மே 4ந் தேதி திப்பு விழுந்த இடத்தைக் காட்டினார். தகப்பன் ஹைதருக்கும் தாயாருக்கும் பக்கத்தில் திப்பு உறங்குகிற கும்பஸில் எல்லாரையும் மௌனமாக இருக்கச் சொன்னார். சாயங்காலம் பிருந்தாவனத் தோட்டத்துக்குப் போனதும் அவருக்கே ஒரு புதுத் தெம்பு வந்தது. இந்தப் படிக்கட்டில் இன்ன டூயட், அந்த நீரூற்றில் இன்ன கனவுக் காட்சி என்று தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி நான்கிலும் பட்டியல் வைத்திருந்தார். திரும்பும் வழியில், "பிரிமியர் ஸ்டுடியோ இருந்த இடத்தைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீங்கள் பத்திரிகைக்காரரா?" என்றார். இல்லை, கதை எழுதுகிறவன் என்றேன். "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை சார்" என்றார். பிறகு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போய்விட்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஓட்டலுக்குப் போய்ச் சேருகிற வரையில் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் அவர் பேசவில்லை.

படம் பிடிக்கிற தொழில் நம் தமிழ்நாட்டில் ஆரம்பித்ததும் இப்படித்தான் இருந்தது. தமிழ்ப் படத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர் என்பது வேலூர்க்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. 1885ல் பிறந்தார், சென்னையில் மோட்டார் உதிரிச் சாமான் வியாபாரம் செய்தார். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் காமிராக்காரரிடம் கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டு, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோடில் ஒரு பங்களாவில் ஸ்டுடியோ போட்டார். 1917, 18 வாக்கில் அங்கே எடுத்த 'கீசக வதம்' தான் தென்னாட்டின் முதல் கதைப்படம். பேசாத படம். சென்னை வெயிலில் பிலிம் கழுவ முடியாது என்று குளிர்ச்சியான பெங்களூரில் அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் காட்பாடி, ஆம்பூர், ஜோலார்ப்பேட்டை வழியாகத்தானே போக வேண்டும்! முதல் கீசகனும் முதல் திரௌபதியும் டப்பாவுக்குள் அடைபட்டுத் தோல் மூட்டைகளோடு எங்கள் ஊர் ஸ்டேஷனைக் கடந்து போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அடுத்தடுத்து இன்னும் சில புராணப் படங்கள் எடுத்தார். பிறகு ஸ்டுடியோவில் நேர்ந்த தீ விபத்தில் தம் மகனைப் பறிகொடுத்தார். அத்தோடு படத் தொழிலை விட்டு ஒதுங்கிவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது வருஷங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார். பேசும் படம் வந்ததையும், வர்ணப் படம் வந்ததையும், கோடம்பாக்கம் எழுந்து கொழித்ததையும் ஓரமாக இருந்து பார்த்தார். மில்லர்ஸ் ரோடு வழியே எத்தனையோ பஸ் போகிறது.

நானி சொன்னது சொந்தச் சரக்கு அல்ல என்று எனக்குத் தெரிந்தது, வேலூரில் காலேஜில் சேர்ந்த பிறகுதான். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் பிள்ளைகள், பெண்கள், அந்தப்புரம், பரிவாரம் எல்லாரையும் கம்பெனியார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். விஜயநகரத்து நாயக்கர் கட்டிய கோட்டை, 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. ராஜாக்களைச் சிறை வைக்க இதைவிட லட்சணமான இடம் கிடையாது என்று கம்பெனிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிற்பாடு கண்டி ராஜ்யத்தின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கனையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். 1832ல் அவன் காலமான பின் பாலாற்றங்கரையில் சமாதி ஆயிற்று. இப்போது அதை முத்து மண்டபம் என்கிறோம்.

1805 நவம்பரில் சென்னை ராணுவத்தில் ஒரு புது உத்தரவு வந்தது. சிப்பாய்கள் நெற்றியில் சின்னம் இடக் கூடாது, தாடியைக் கத்தரிக்க வேண்டும், தலைப்பாகைக்குப் பதில் வெள்ளைக்காரத் தொப்பி மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொப்பியில் தோலால் செய்த குஞ்சம் ஒன்று இருந்தது. என்ன மிருகத்தின் தோலோ என்று ஹிந்துவுக்கும் அருவருப்பு, முஸ்லிமுக்கும் அருவருப்பு. தோலினால் சோறு தின்கிற ஊர்க்காரனான எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கத் தோன்றும். 1806 ஜூலை 9ந் தேதி கோட்டைக்குள் திப்புவின் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். விடிந்தால் 10ந் தேதி. இருள் பிரியும் முன்னே சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைப் படையில் மாண்டவர்களும் காயம்பட்டவர்களுமாக இருநூறு பேர் வரையில் ஆயிற்று. கோட்டையில் மைசூர்க் கொடி ஏறிற்று. ஆர்க்காட்டுக்குச் சேதி போய், கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு 16 மைல் பாய்ந்து வந்து, கயிற்றைப் பிடித்து மதில் ஏறினான். பீரங்கி வந்து கதவைப் பிளந்தது. அரண்மனைக்குள் ஒதுங்கிய சிப்பாய்கள் சுமார் நூறு பேரை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொப்பி உத்தரவு பின்னால் ரத்தாயிற்று. கவர்னர் பெண்டிங்கையும் சேனாதிபதி கிராடக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

கில்லெஸ்பியின் பாய்ச்சலை ஒரு ஆங்கிலக் கவிஞர் பாட்டாகவே கட்டிவிட்டார். சுவரோரம் நின்ற நூறு பேரும் கணக்கில் நூறு பேர்தான். மக்கான் சந்திப்பில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 2006ல் தபால் தலை ஒன்று வெளியிட்டார்கள். வேலூரில் பேகங்களின் கல்லறைகளும் இருக்கின்றன. ஹைதரின் மனைவி பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். நான் போன சமயங்களில் பெரும்பாலும் ஆடுகள்தான் இருந்தன. மைசூரில் நாற்பது பேரோடு கும்பஸைப் பார்த்த எனக்கு, இந்தப் பெண்கள் கொஞ்சம் அதிகமாகவே தனித்துவிடப்பட்டவர்களாகத் தோன்றியது.

கலகம் அடங்கியதும் திப்புவின் பிள்ளைகளை வேலூரில் வைத்திருப்பது ஆபத்து என்று கம்பெனியார் அவர்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பம் போய்க் குடியேறிய இடம் நகரத்தின் தெற்கே டாலிகஞ்ச். 1930களிலிருந்து வங்காளத்துப் பட ஸ்டுடியோக்கள் எழுந்தது அதே டாலிகஞ்சில். வங்காளி டெலிவிஷன் தொடர்கள் இன்று தயாராவதும் அங்கேதான்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து ஜனங்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊரில் பல கடைகளில் வங்காளி எழுத்தில் பலகை தொங்கும். பரிசோதனை முடிவு வருகிற வரையில் பொழுது போக வேண்டுமே என்று சாயங்காலம் கோட்டைக்கு வந்து அகழி ஓரம் உட்காருவார்கள். போன மாசம் அப்படி ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை, இருபது நாளாக லாட்ஜில் இருக்கிறார். எந்த ஊர் என்றேன். கல்கத்தா, டாலிகஞ்ச், பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு பக்கம் என்றார். எங்கள் தெருவில் எப்போது பார்த்தாலும் தொடர் எடுக்கிற வண்டி நிற்கும், நடக்க முடியாது என்று அலுத்துக்கொண்டார். அந்த ரோடு எந்த இளவரசர் பெயரில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, தெரியாது என்றார். திப்பு வம்சத்து இளவரசர் என்றும், அவருடைய குடும்பம் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது இந்த மதிலுக்கு உள்ளேயிருந்துதான் என்றும் சொன்னேன்.

பெரியவர் எழுந்து நின்று மதிலைப் பார்த்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

காட்டினேன். அவர் மனைவியைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு அந்தப் பக்கமாக மெதுவாக நடந்தார்.